பூட்டிய கதவுக்கு வழிகாட்டுவோர்

“பதிவு செய்யக் காசா கேட்கிறார்கள்? பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தால் உள்ளே விடப்போகிறார்கள். இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்று கேட்டார் நண்பர். இணையக் கலைக்களஞ்சியங்களில் பல்லாண்டுகளாகக் கட்டுரை எழுதிவருபவர். ஊதியம் எதிர்பாராமல், உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தமிழுக்கு உழைக்கும் அந்தச் சிறு கூட்டத்தில் ஒருவர் என்பதால் அவர்மேல் எனக்கு மதிப்புண்டு. மதிப்பு இருப்பதால்தான் சண்டை போடவும் தோன்றுகிறது. மதிப்பில்லாதவரிடம் சண்டை போட யாருக்கு நேரமிருக்கிறது?

சண்டை இதுதான். உறுப்பினராகப் பதிந்துகொண்டவர்க்கு மட்டுமே திறக்கும் தளங்களுக்கு ஒரு கலைக்களஞ்சியமோ நூலடைவோ சுட்டி கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்கிறார் அவர். சான்று எங்கே இருக்கிறதோ அங்கேதானே கைகாட்ட முடியும் என்பது அவர் வாதம். கூடாது என்கிறேன் நான். சான்றின் பெயரைச் சொல்லுங்கள். ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம் என ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அது என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் எழுதியும் காட்டுங்கள். பூட்டிய கதவுக்குச் சுட்டி மட்டும் கொடுக்காதீர்கள். சான்று காட்டுவது வேறு, சுட்டி கொடுப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட இடத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது.

எனக்கு இந்தப் பிடிவாதம் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கல்லூரியில் இளங்கலை மாணவர்க்கு ‘என் ஊர்’ என்றொரு ஒப்படைவு கொடுப்பது என் வழக்கம். ஊர்ப்பெயர், தொழில், வழக்குச்சொற்கள், கோயில், கதைகள் எனப் பத்துப் பக்கம் எழுதவேண்டும். ஒரு மாணவி நெட்டுக்குப்பத்திலிருந்து வருகிறவர். வடசென்னையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவ ஊர் அது. 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் எழும்பிய வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் திறக்கப்பட்டு இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் என ஆற்றைச் சுற்றி ஒவ்வொன்றாக வந்து அமர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்த ஊர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் இறங்கி ஆற்றிலும் படகிலும் வலையிலும் படிந்தபோது நாளிதழ்களில் அடிபட்ட பெயர்களில் அதுவும் ஒன்று. அதே மாதம் 26ஆம் நாள் இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடியதும் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தப் பெண் தன் ஊரைப்பற்றி இணையத்தில் தேடியிருக்கிறார். ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை கிடைத்தது. அதில் ஒரு வாக்கியம்: இப்பகுதி மக்கள் மீன்பிடித் தொழிலைக் கைவிட்டு ஆலை வேலைக்குச் சென்றுவிட்டனர் என்ற பொருளில். பக்கத்தில் சிறிய எண். அடிக்குறிப்பு. என்னிடம் வந்து நின்றார். “ஐயா, எங்கப்பா இன்னிக்குக் காலையிலகூட ஆத்துக்குப் போயிட்டு வந்தாரு. இதுல இப்படிப் போட்டிருக்கே, நான் எத எழுதறது?”

அடிக்குறிப்பைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்திருக்கிறார். சுட்டியை அழுத்தினால் ஒரு படிவம் வந்திருக்கிறது. பெயர், நாடு, தொழில், நிறுவனம், கைப்பேசி எண், எல்லாம் ஆங்கிலத்தில். தொழில் என்ற இடத்தில் கொடுக்கப்பட்டிருந்த பட்டியலில் ஆய்வாளர், பேராசிரியர், இதழாளர் எல்லாம் உண்டு. மீனவர் மகள் எதைத் தேர்வது? ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு எண்ணைக் கொடுத்திருக்கிறார். ஓடிபி வந்தது, அவருக்கு அல்ல. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது அண்ணனோடு காசிமேட்டுப் படகில் கடலுக்குப் போயிருந்தது. கரைக்குத் திரும்ப நாலைந்து நாளாகும். ஓடிபிக்கு ஆயுள் பத்து நிமிடம்.

நான் பதிவு செய்துகொண்டேன். எனக்குக் கல்லூரி மின்னஞ்சல் இருக்கிறது, ஆங்கிலப் படிவத்தை நிரப்பிப் பழக்கமும் இருக்கிறது. உள்ளே போய்க் கட்டுரையைப் படித்தால் கலைக்களஞ்சியம் சொன்னது அதில் இல்லை. மீன்வரத்துக் குறைந்த காலங்களில் இளைஞர் சிலர் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள் என்று மட்டுமே இருந்தது. சிலர் என்பது மக்கள் ஆகிவிட்டது. போகிறார்கள் என்பது சென்றுவிட்டனர் ஆகிவிட்டது. வினைமுற்றின் காலம் மாறியதில் ஓர் ஊரே தொழிலை விட்டுவிட்டது! அந்த வாக்கியம் எத்தனை ஆண்டுகளாக அங்கே உட்கார்ந்திருந்தது என்று பக்கத்தின் வரலாற்றில் பார்த்தேன். நான்கு ஆண்டுகளுக்கும் மேல்.

இதை நண்பரிடம் சொன்னபோது, “அது எழுதியவர் தவறு, பூட்டின் தவறு அல்ல” என்றார். ஒப்புக்கொள்கிறேன். தவறு யாரும் செய்வதுதான், நானும் செய்வேன். அந்தத் தவறு நான்கு ஆண்டுகள் ஏன் பிழைத்துக் கிடந்தது என்பதுதான் என் கேள்வி. பொய்யென்று நேரடியாக அறிந்தவர்கள் ஊரிலேயே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் கையில் திறக்கும் பக்கம் இல்லை. திறக்க முடிந்த என்னைப் போன்றவர்களுக்கோ அந்த வாக்கியத்தின்மேல் ஐயமே வரவில்லை. அடிக்குறிப்பு எண்ணைக் கண்டால் படித்தவன் மனம் அமைதியாகிவிடுகிறது. சான்றிருக்கிறது, யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்ற அமைதி. சரிபார்க்க இயலாத சான்று அப்படித்தான் தவறுக்குக் காவலாகிறது.

ஊர் எப்படி வரையப்படுகிறது, எதைச் சொல்லி வரையப்படுகிறது என்பது எண்ணூர்க்காரர்களுக்கு ஏட்டுச் சிக்கல் அல்ல. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் கழிமுகம் தெளிவாக இருந்தது. பிற்பாடு அதிகாரிகள் கையில் புழங்கிய வரைபடத்தில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஈரநிலம் காணாமற்போயிருந்தது என்று மீனவர்களும் சூழல் செயற்பாட்டாளர்களும் 2017இல் குற்றஞ்சாட்டினார்கள். அதை அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆவணத்தைக் கேட்டுப் பெற்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து. ஆறு இருக்கிறதா இல்லையா என்பதையே ஆவணத்தைத் திறந்து பார்த்துத்தான் நிறுவவேண்டிய ஊரில், “மக்கள் மீன்பிடித் தொழிலைக் கைவிட்டனர்” என்ற ஒரு வரி யாருக்குப் பயன்படும் என்று விளக்கத் தேவையில்லை. தொழிலே இல்லை என்றால் இழப்பீடு எதற்கு, ஆறு எதற்கு?

அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான் அடிக்கடி வியக்கும் ஒரு பிரிவு உண்டு, 6(2). தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. அவரைத் தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறெந்தத் தனிப்பட்ட விவரத்தையும் கேட்கவும் கூடாது. அரசாங்கமே குடிமகனிடம் ‘நீ யார், என்ன வேலை செய்கிறாய்’ என்று கேட்கக்கூடாதாம். ஆனால் ஒரு கட்டுரையைப் படிக்க வந்தவரிடம் ஒரு தளம் தொழில், நிறுவனம், கைப்பேசி எண் அத்தனையும் கேட்கிறது. அந்த வாசலுக்கு ஆளனுப்பும் வேலையை நம் கலைக்களஞ்சியம் செய்கிறது. ‘காசா கேட்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு என் விடை இது. காசு கேட்டிருந்தால் இவ்வளவென்று விலையாவது தெரிந்திருக்கும். கொடுத்த விவரம் எங்கே போகும் என்பதற்கு யார் பொறுப்பு? 2024 அக்டோபரில் இண்டர்நெட் ஆர்க்கைவ் தளம் தாக்கப்பட்டபோது 3 கோடியே 10 லட்சம் பயனர் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகளும் மறையாக்கம் செய்த கடவுச்சொற்களும் வெளியேறின. அது வணிகத் தளம்கூட அல்ல. உலகத்துக்கு நூல்களை அள்ளிக் கொடுக்கும் நல்லவர்களின் தளம். நல்லவர்கள் வீட்டிலும் பெயரேடு இருந்தால் அது திருட்டுப் போகும்.

“நூலகத்திலும்தான் பெயர் எழுதச் சொல்கிறார்கள்” என்பது அடுத்த வாதம். நூலகத்தைப் பற்றிச் சென்னைக்காரனிடம் பேசுகிறோம் என்பதை நண்பர் மறந்துவிட்டார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரமே, நூல் காப்பதற்கல்ல பயன்படுவதற்கு என்பதும் ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் சேரவேண்டும் என்பதும்தான். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததில் அந்தச் சிந்தனைக்குப் பங்குண்டு. கிளை நூலகத்து வாசலில் ஒரு நோட்டு இருக்கும், கட்டிய கயிற்றில் ஒரு பேனா தொங்கும். பெயரைக் கிறுக்கிவிட்டு உள்ளே போகலாம். ‘முருகன்’ என்று எழுதுகிறவர் முருகன்தானா என்று எவரும் ஓடிபி அனுப்பிச் சோதிப்பதில்லை. உறுப்பினர் சீட்டு, முன்பணம் எல்லாம் நூலை வீட்டுக்கு எடுத்துப் போகிறவருக்கு. மேசையில் உட்கார்ந்து படிப்பவருக்கு இல்லை. இணையத்தில் ஒரு பக்கத்தைப் படிப்பவர் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அவர் படித்துவிட்டால் அடுத்தவருக்குப் படி குறைந்துபோவதுமில்லை.

இலக்கியம் படித்த நண்பர் என்பதால் உ.வே.சா.வையும் துணைக்கழைத்தார். உ.வே.சா. தம் பதிப்புகளில் ஏட்டுப் பிரதி எங்கெங்கே கிடைத்தது, யார் யார் உதவினார்கள் என்று பட்டியலிட்டிருக்கிறாரே, அந்த மடத்துக்கும் வீட்டுக்கும் வாசகன் போய் ஏட்டைக் கேட்டால் கொடுத்துவிடுவார்களா, அதுவும் பூட்டிய கதவுக்குச் சுட்டிதானே என்றார். நல்ல வாதம். இரண்டு நாள் எனக்கு உறக்கமில்லை. மூன்றாம் நாள் புரிந்தது, அவர் காட்டும் எடுத்துக்காட்டு என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது.

சேலம் இராமசாமி முதலியார் கொடுத்த பிரதியைக்கொண்டு சிந்தாமணியைத் தொடங்கியவர், 1887இல் அதை அச்சிட்டு வெளியிட்டார். 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. அதாவது ஏடு பூட்டிக்கிடந்த பெட்டியின் முகவரியைச் சொல்லும்போதே பெட்டிக்குள் இருந்ததை முழுதாக எடுத்து வாசகன் மடியில் வைத்துவிட்டார். பாடபேதங்களையும் அடியில் கொடுத்தார். அந்த முகவரி நன்றிக்கும் நம்பகத்துக்கும் போடப்பட்டது. அதன்பின் திருவாவடுதுறைக்குப் போனால்தான் நூலைப் படிக்க முடியும் என்ற நிலை இல்லை. சி.வை.தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும் 1887இல் கலித்தொகையையும் கொண்டுவந்ததும் அப்படியே. நம் இணையக் கலைக்களஞ்சியத்தார் செய்வது இதற்கு நேர் தலைகீழ். பெட்டிக்குள் இருப்பதை ஒரு வாக்கியமாகச் சுருக்கி, அந்தச் சுருக்கம் சரியா என்று பார்க்க வேண்டுமானால் பெட்டிக்குப் போ என்கிறார்கள். பெட்டியோ பூட்டியிருக்கிறது.

(இடையே ஒரு தமிழாசிரியக் குறும்பு. அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என இலக்கணம் வகுத்தார்கள். இடைப்பட்டதற்கு உகரச் சுட்டையும் வைத்தார்கள். பூட்டிய அறைக்குள் இருப்பதைச் சுட்ட எழுத்தே இல்லை. இணையத்தார் தாம் படைத்த பொருளுக்குச் ‘சுட்டி’ என்று பெயர் வைக்கும்போது இதை யோசித்திருக்கலாம்.)

சுட்டி மட்டும் கொடுத்துப் பழகியதால் வரும் இன்னொரு கேடு, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது. சுட்டி இருக்கிறதே என்ற சோம்பலில் ஆசிரியர் பெயரை எழுதுவதில்லை, ஆண்டை எழுதுவதில்லை, பக்கத்தை எழுதுவதில்லை. சுட்டி செத்துப்போனால் அடையாளம் ஒன்றும் மிஞ்சாது. இரண்டாயிரத்தின் முற்பாதியில் தமிழ் இணைய இலக்கியம் எங்கே நடந்தது என்பது இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என யாஹூ குழுமங்களில் நடந்தது. எத்தனை சண்டைகள், எத்தனை அருமையான விளக்கங்கள், ஒரு சொல்லுக்காக நாற்பது மடல்கள்! இத்தகைய குழுமங்கள் பலவற்றின் மடல்களை உறுப்பினர்தாம் படிக்க முடியும். யாஹூ 2019 இறுதியில் பழைய மடல்களை அகற்றியது, 2020 டிசம்பரில் குழுமச் சேவையையே மூடியது. ‘குழும மடல் எண் இத்தனை’ என்று மட்டும் சான்று காட்டிய கட்டுரைகள் இன்று என்ன ஆயின? எண் இருக்கிறது, மடல் இல்லை. வெளியார் யாரும் உள்ளே வரமுடியாமல் இருந்ததால் வெளியார் யாரிடமும் படியும் இல்லை. அதே ஆட்கள் அதே காலத்தில் திறந்த இணைய இதழ்களிலும் வலைப்பதிவுகளிலும் மறுபடி எழுதிவைத்தவற்றில் பல இன்றும் கிடைக்கின்றன. எல்லாரும் புழங்கும் இடத்தில் இருந்ததால் யாரோ ஒருவர் படியெடுத்து வைத்திருக்கிறார்.

அந்தப் பாடத்தைக் கற்றோமா? இப்போது எழுத்தாளர் மறைந்தால் அஞ்சலி முகநூலில், நூல் மதிப்புரை முகநூலில், ஒரு கதை எப்போது எழுதப்பட்டது என்ற ஆசிரியர் வாக்குமூலமே முகநூலில். கலைக்களஞ்சியக் கட்டுரைகள் அதற்குச் சுட்டி கொடுக்கின்றன. அழுத்தினால் உள்நுழையச் சொல்கிறது. உள்நுழைந்தால் பதிவு நண்பர்க்கு மட்டும் என்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து நம் மாணவர் ஒருவர் இக்காலத்து இலக்கிய வரலாற்றை எழுத உட்காரும்போது என்ன கிடைக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது.

இனி நண்பரின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டு வெற்றி முழக்கம் செய்வது அழகல்ல. சிறந்த ஆய்வெல்லாம் பூட்டுக்குள்தான் இருக்கிறது, பூட்டை விலக்கினால் கலைக்களஞ்சியம் இலவசக் குப்பையின்மேல்தான் நிற்கும் என்கிறார். உண்மை. திறந்த வெளியில் கிடப்பதில் வாட்சப் வரலாறுகள் அதிகம். லெமூரியாவின் வரைபடத்துக்கு எவனும் கடவுச்சொல் கேட்பதில்லை. ஜேஸ்டோர் போன்ற தளத்துக்குள் இருக்கும் நல்ல கட்டுரையை விட்டுவிட்டு அதை மேற்கோள் காட்டு என்று நான் சொல்வேனா? நான் சொல்வது, அந்த நல்ல கட்டுரையை மேற்கோள் காட்டு, முழுதாகக் காட்டு என்பது. அச்சில் மட்டுமே உள்ள ஒரு நூலை மேற்கோள் காட்டும்போது என்ன செய்வோம்? சுட்டியா கொடுக்கிறோம்? ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம் சொல்கிறோம். வாசகர் கன்னிமாராவிலோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ தேடிக்கொள்வார். பூட்டிய தளத்துக் கட்டுரையையும் அச்சு நூலாகவே பாவியுங்கள். கூடவே அது சொல்வதை இரண்டு வாக்கியத்தில் அடிக்குறிப்பிலேயே எழுதுங்கள். ‘இளைஞர் சிலர் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள்’ என்று அந்த அடிக்குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் நெட்டுக்குப்பத்துப் பெண்ணே பிழையைப் பிடித்திருப்பாள். எவர் பூட்டையும் உடைக்கவேண்டியிருந்திருக்காது.

ஆங்கில விக்கிபீடியாவின் நெறிமுறைகளிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. அணுகக் கடினம் என்பதற்காக நம்பகமான சான்றைத் தள்ளாதே என்கிறது ஒரு பக்கம். கட்டுரையின் கடைசியில் வரும் வெளியிணைப்புப் பட்டியலில் பதிவோ பணமோ கேட்கும் தளத்தைத் தவிர் என்கிறது மறுபக்கம். அடிக்குறிப்புச் சுட்டிக்குப் பக்கத்தில் சிறு பூட்டுப் படம் போடவும் வசதி செய்திருக்கிறார்கள். பூட்டு என்று முன்கூட்டியே சொல்வது நேர்மைதான். ஆனால் பூட்டுப் படம் போட்டதும் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். தமிழில் அந்தப் படமும் பெரும்பாலும் இல்லை.

திறந்த படி கிடைத்தால் அதற்கே சுட்டி என்பதில் நண்பருக்கும் மறுப்பில்லை. அப்படிக் கிடைப்பவையும் சில நேரம் பிறகு பூட்டப்படும். இண்டர்நெட் ஆர்க்கைவ் 2019இல் விக்கிபீடியாவின் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அடிக்குறிப்புகளைத் தான் வருடிவைத்த நூல்களின் குறிப்பிட்ட பக்கங்களோடு இணைத்தது. அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கலாம், முழு நூலை இரவல் பெறத்தான் கணக்கு வேண்டும். அழகான ஏற்பாடு, என் கனவுக்கு மிக நெருங்கியது. பதிப்பகங்கள் 2020இல் வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச்சில் தீர்ப்பு எதிராக வந்தது, 2024 செப்டம்பரில் மேல்முறையீடும் தோற்றது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவலிலிருந்து நீங்கின. சுட்டி எதுவும் நிலையானதல்ல என்பதால்தான் நூல் விவரத்தை முழுதாக எழுது என்று தொண்டை வறளக் கத்துகிறேன்.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். இதையும் நண்பர் எடுத்துக்காட்டி, பூட்டெல்லாம் திறந்துவிட்டதே என்றார். யாருக்கு? அரசு நிறுவனத்தின் வளாகத்துக்குள் இருப்பவருக்கு. எண்ணூர் ஆற்றைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரையை ஐஐடியில் இருப்பவர் படிக்கலாம், ஆற்றில் இறால் பிடிப்பவர் படிக்க முடியாது. கட்டுரைக்குச் செய்தி சொன்னவர் அவராகவே இருந்தாலும்!

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திவிடுகிறேன். சிற்றிதழ் சந்தா கேட்பதையோ, ஒரு தளம் தன் வாசகரைப் பதிவு செய்யச் சொல்வதையோ நான் குற்றமென்று சொல்லவில்லை. அச்சுக்கூலிக்குக் கைமாற்று வாங்கி இதழ் நடத்தியவர்களை அருகிலிருந்து பார்த்தவன் நான். நானும் சில இதழ்களுக்குச் சந்தா கட்டுகிறேன், ஒன்றிரண்டு சந்தா தீர்ந்தபின்னும் வந்துகொண்டிருக்கிறது என்பது வேறு கதை. கதவை மூடும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. பொதுவுக்கென்று எழுதப்படும் ஒரு குறிப்பு நூல் அந்த வீட்டுக்கு ஆள்பிடித்துக் கொடுக்கவேண்டிய கடமை என்ன என்றுதான் கேட்கிறேன். அபிதான சிந்தாமணியை 1910இல் வெளியிட்ட ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக உழைத்தார். பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954இல் தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அவற்றில் குறையிருக்கலாம். மேலும் அறிய இன்னாரிடம் உன் பெயரைப் பதிந்துகொள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

திறந்தே வைத்து நடத்தமுடியாது என்பவர்களுக்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. 1998 பொங்கலில் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றுவரை எவரிடமும் பெயர் கேட்டதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் எவரும் புரட்டலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம் 2005இல் ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கியபோது, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட வருடி எல்லாருக்கும் திறந்தே வைத்தது. படிக்க வருபவரை ஐயுறுவதற்கு அவர்களைவிடக் காரணம் உள்ளவர்கள் யார்? அவர்கள் கேட்கவில்லை. சுட்டி கொடுக்க விரும்புகிறவர்கள் முதலில் இங்கெல்லாம் தேடட்டும். தேடாமலே பூட்டிய தளத்துக்கு ஓடுவதைத்தான் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதே பழைய நூல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் திறந்தே கிடக்கும், சுட்டியோ கணக்குக் கேட்கும் தளத்துக்குப் போகும். ஆங்கிலத் தளம் என்றால் மதிப்புக் கூடுதல் என்ற பழைய நோய் இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மாணவியின் ஒப்படைவு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு பக்கம். தொழில் என்ற பகுதியில், கலைக்களஞ்சியம் இவ்வாறு சொல்கிறது, அது காட்டும் கட்டுரையில் அவ்வாறு இல்லை, என் தெருவில் எத்தனை வீட்டில் வலை இருக்கிறது என்று நான் எண்ணினேன் என எழுதி வீடுவாரியாக ஓர் அட்டவணையும் போட்டிருந்தார். எண்ணிய நாளையும் குறித்திருந்தார். முப்பதாண்டுகளாக ஆய்வேடு எழுதுகிறவர்கள் பலர் இதைச் செய்வதில்லை.

கலைக்களஞ்சியத்தின் அந்த வாக்கியத்தை நானே திருத்தினேன். சிலர் என்று மாற்றி, அடிக்குறிப்பில் கட்டுரையாசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்கம் எழுதி, அது சொல்வதைத் தமிழில் இரண்டு வரியாகக் கொடுத்து, சுட்டியை எடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் திருத்திய வாக்கியம் அப்படியே இருக்கிறது, சுட்டி மட்டும் திரும்ப வந்திருக்கிறது. போட்டவர் நண்பர்தான். ‘இணைப்பு இல்லாத சான்று’ என்று காரணமும் எழுதியிருக்கிறார். நான் மறுபடியும் எடுத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.